இரண்டரை மில்லிமீட்டர் வட்டம்

பத்ரிநாத்தின் வலது கை நடுங்குகிறது என்ற செய்தி அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவருக்கே அதைச் சொன்னது ஒரு விமானம்தான்.

பறக்கிற விமானம் இல்லை. வில்லாபுரத்து வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறிய மேசை போட்டு, அசலில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் அவர் கட்டிக்கொண்டிருந்த மாருத். அறுபதுகளில் பெங்களூரில் உருவான போர் விமானம் அது. அசல் பதினாறு மீட்டர் நீளம், அவருடையது அரை மீட்டர். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை வரிசைப்படி ஒட்டி நிமிர்த்துவது அவருக்கு எப்போதோ அலுத்துவிட்டது. வெறும் தகட்டிலிருந்தும் கம்பியிலிருந்தும் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும். அதில் விமானி உட்காரும் காக்பிட்டைத்தான் முதலில் முடித்தாக வேண்டும். விமானத்தின் உடல் இரண்டு பாதிகளாக இருக்கும், நடுவே காக்பிட்டை வைத்து மூடி ஒட்டிவிட்டால் அப்புறம் உள்ளே ஊசிகூடப் போகாது.

அவருடைய பிழைப்பு பல் செட் செய்யும் லேபில். கீழவாசல் பக்கம் ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து மெழுகிலும் அக்ரிலிக்கிலும் பல் வரிசை கட்டுவது. இருபத்தாறு வருட வேலை. ஆகவே விமானத்துக்கான சாமான்களில் பாதி லேபின் குப்பைக்கூடையிலிருந்து வந்தது. விமானியின் இருக்கை பல் மெழுகில் செதுக்கியது. விமானி இடுப்பில் மாட்டும் வார்ப்பட்டை, மாத்திரை அட்டையின் பின்புறத் தாள். சுவரோரம் ஓடும் வயர்கள், பழைய ஹெட்போனை உரித்தெடுத்த செம்பு இழைகள். விமானிக்கு எதிரே இருக்கும் பலகையில் பதினெட்டு டயல்கள், அவை மட்டும் பல் எக்ஸ்ரே பிலிமில்.

முழுக்கக் கருத்துப்போன பிலிமை எடுத்து, ஊசி முனையால் கீறினால் கறுப்பு உரிந்து கோடு விழும். பின்பக்கம் வெள்ளை அடித்தால் கறுப்பு டயலில் வெள்ளைக் கோடும் முள்ளும் பளிச்சென்று தெரியும். அசலில் எட்டு சென்டிமீட்டர் டயல், இந்த அளவில் இரண்டரை மில்லிமீட்டர். கொத்தமல்லி விதையைவிடச் சிறிய வட்டம். அதற்குள் பன்னிரண்டு கோடுகள், நடுவில் ஒரு முள். கீறியதை அழிக்க முடியாது. தப்பினால் அந்த வட்டம் போச்சு.

கார்த்திகை மாதம் ஒரு காலை, ஆறு மணிக்கு, உயரம் காட்டும் டயலின் ஒன்பதாவது கோட்டைக் கீறும்போது ஊசி தானாக நகர்ந்தது. அவர் நகர்த்தவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வட்டம் எடுத்தார். ஏழாவது கோட்டில் அதே கதை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் நீட்டினார். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துடிப்பு, கண்ணாடியில் யானைக் காது ஆடுகிற மாதிரி தெரிந்தது.

அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது அப்பா சூடாமணி.

சாயப்பட்டறையில் நூலைத் தோய்த்துப் பிழிந்தே வயதைக் கழித்தவர். ஐம்பத்து மூன்றில் அவர் கை ஆட ஆரம்பித்தது. நடுக்குவாதம் என்றார்கள். கடைசி ஒன்பது வருடம் பத்ரிநாத்தான் ஸ்பூனில் ஊட்டினார். வாய் திறந்திருக்கும், உதடு ஸ்பூனைத் தேடும், கை மடியில் கிடந்து தானாகத் தாளம் போடும். இப்போது பத்ரிநாத்துக்கு ஐம்பத்தொன்று.

பயம் என்பது ஒரு நாளில் வந்து ஒரு நாளில் போகிற சாமான் இல்லை. அது வீட்டில் ஓர் ஆளாகக் குடியேறிவிட்டது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். பேருந்தில் கம்பியைப் பிடித்த கையையே பார்த்துக்கொண்டு வந்தார். மருத்துவரிடம் போகவில்லை. ஊரில் யாராவது மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு வந்தால் அரை மணி நேரம் வாதாடி அறுக்கச் சொல்கிற மனிதர், தன் விஷயத்தில் உண்மையைக் கேட்கப் பயந்து ஒளிந்துகொண்டார். பேர் சொல்லிவிட்டால் நோய் வந்துவிடும் என்று நினைப்பது மூடநம்பிக்கை இல்லாமல் வேறென்ன? அது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

அதற்குப் பதில் டயல் கீறினார். தினம் காலை ஆறிலிருந்து ஏழு வரை. எத்தனை வட்டம் கெட்டது என்பதே அவருடைய பரிசோதனை. கெட்ட வட்டங்களை எறிய மனமில்லை. மனைவி பிருந்தா தைராய்டு மாத்திரைக்கு வாங்கி, பிறகு பயன்படுத்தாமல் போட்டுவிட்ட டப்பா ஒன்று மேசையில் கிடந்தது. கிழமைக்கு ஒன்றாக ஏழு குழி வைத்த டப்பா. அன்றன்று கெட்டதை அன்றன்றைய குழியில் போட்டார். அதில் திட்டம் ஒன்றும் இல்லை, குழி இருந்தது, போட்டார்.

பிருந்தாவின் கண்ணை ஏமாற்ற முடியவில்லை. ஒரு நாள் சாம்பார் கரண்டி தட்டில் மோதி நாலு முறை சத்தம் போட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி சாய்பிரசாத் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோதுதான், அவள் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுவிட்டாள் என்று புரிந்தது.

"மாமா, கையக் காட்டுங்க" என்றான் சாய்பிரசாத்.

"எதுக்கு மாப்ள? ரேகை பாக்கப் போறியா?"

"நான் பாக்கல. பாக்குற ஆளு பாத்துட்டாரு. உங்க ஜாதகத்தக் கொடுத்தேன். பித்ரு தோசமாம். அப்பாவுக்கு இருந்தது உங்களுக்கு எறங்கியிருக்கு. ராமேஸ்வரத்துல ஒரு ஹோமம் பண்ணிட்டா கை நின்னுரும்."

"எங்கப்பா உசுரோட இருக்கும்போது அவர் கையையே நிறுத்த முடியல உங்க ஆளால. இப்ப செத்தவருக்குச் சாப்பாடு போட்டா என் கை நிக்குமா?"

"எல்லாத்துக்கும் இப்படியே பேசுங்க. அக்கா அழுகுறா."

"அழுகுறவளுக்கு நீ ஹோமத்தச் சொல்லிட்டுப் போயிருவ. அது நிக்காட்டி, அப்புறம் அவ எதச் சொல்லி அழுவா?"

சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது. பிருந்தா கதவில் வந்து நின்று, வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் மெதுவாகச் சொன்னாள்: "ஹோமம் வேணாம்னா டாக்டர்கிட்ட வாங்க. ரெண்டுக்கும் வரமாட்டேன்னா அது பகுத்தறிவு இல்ல, பயம்."

பத்ரிநாத் காலண்டரைப் பார்த்தார். "பொங்கல் கழியட்டும்" என்றார்.

பொங்கலுக்கு லேப் நாலு நாள் விடுமுறை. மூன்றாம் நாள் காலை உட்கார்ந்தவர், வேகம் காட்டும் டயலை ஒரே மூச்சில் முடித்தார். அடுத்ததும் முடிந்தது. மூன்றாவதும். பன்னிரண்டு கோடுகள், முள், எல்லாம் மயிரிழை பிசகாமல். கையைப் பூதக்கண்ணாடிக்குள் நீட்டினார். ஆடவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் ஆடுகிறதா என்று தேட வேண்டியிருந்தது.

சந்தோஷப்படவேண்டிய மனிதருக்கு வியர்த்தது. ஏன் நின்றது என்று தெரியாவிட்டால், ஏன் வந்தது என்றும் தெரியாதே. மாத்திரை டப்பாவை எடுத்து ஏழு மூடிகளையும் திறந்தார்.

திங்கள்கிழமைக் குழியில் இரண்டே வட்டங்கள். செவ்வாயில் ஐந்து. புதனில் எட்டு. வியாழனில் பத்து. வெள்ளியும் சனியும் மூடி அமுங்காத அளவு. ஞாயிற்றுக்கிழமைக் குழியும் நிரம்பித்தான் இருந்தது, முதலில் அவரைக் குழப்பியது அதுதான். வேலை இல்லாத நாளில் கை ஏன் ஆட வேண்டும்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. கீறுவது காலையில். ஞாயிறு காலையில் ஆடுவது சனிக்கிழமை வேலை செய்த கை. ஞாயிறு முழுக்க ஓய்ந்த கை திங்கள் காலை நிற்கிறது.

அப்பாவின் நோய் கிழமை பார்த்து வரவில்லை.

இதை நினைத்ததும் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அது அவருக்குப் பிடிக்காத நினைவு. இரண்டு வருடத்துக்கு முன் லேபில் பேயாண்டி என்று ஓர் ஆள் இருந்தான். அக்ரிலிக் பவுடரில் மோனோமர் என்ற திரவத்தை ஊற்றிப் பிசைந்து அச்சில் அடைப்பது அவன் வேலை. மூக்கைத் துளைக்கும் நெடி உள்ள திரவம். வெறுங்கையால்தான் பிசைவார்கள், எல்லாருமே. அந்த வருடம் ஏ.சி. போட்டு, குளிர் வெளியே போகாமலிருக்க இரண்டு சன்னலையும் டேப் போட்டு ஒட்டினார் முதலாளி கார்த்திகேஷ். புகை உறிஞ்சும் காற்றாடி இருந்த ஓட்டையிலும் பலகை அடித்தாயிற்று. ஆறு மாதத்தில் பேயாண்டியின் கை ஆட ஆரம்பித்தது. "குடிச்சிட்டு வாரான்" என்று சொல்லி கார்த்திகேஷ் அவனை அனுப்பினார். "என்னண்ணே, நீங்களே சொல்லுங்க" என்று முதலாளி பத்ரிநாத்தைப் பார்த்தபோது, பத்ரிநாத் ஆமாம் என்று தலையை ஆட்டினார். மேலூர்ப் பக்கத்து ஆள், பேர் பேயாண்டி, கை நடுங்குகிறது, குடிக்காமல் என்ன? ஒரு சொட்டு ஆதாரம் கேட்கவில்லை. சாதகக்காரன் செய்வதற்கும் தான் செய்ததற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று இப்போது யோசித்துப் பார்த்தார். அதிகம் இல்லை.

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் அவன் மாலை கட்டுவதாக லேபில் வேலை பார்க்கும் தங்கப்பொண்ணு சொல்லியிருந்தாள். கொட்டாம்பட்டியிலிருந்து தினமும் வருகிறவள், பேருந்து மாறும்போது பார்த்திருக்கிறாள். மறுநாள் காலையிலேயே போனார். சம்பங்கி மூட்டைகளுக்கும் ஈரச் சாக்குகளுக்கும் நடுவே, ரோஜாக்களை ஊசியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பேயாண்டி. பத்ரிநாத் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். ஊசி ஒவ்வொரு காம்பிலும் நேராக ஏறியது.

"யாரு, பத்ரிண்ணனா? வழி தவறி வந்துட்டீங்களா? இங்க பல்லு விக்கிறதில்லையே."

"கை எப்படியிருக்கு பேயாண்டி?"

"இதக் கேக்க ரெண்டு வருசம் ஆச்சாண்ணே உங்களுக்கு?"

பத்ரிநாத் ஈரச் சாக்கின் மேலேயே உட்கார்ந்தார். "அன்னைக்கு நான் தலையாட்டுனது தப்பு."

"ஆட்டுனது நீங்க மட்டுமா? விடுங்க." அவன் ஒரு பூவைக் கோத்து முடித்தான். "வேடிக்கை என்னன்னா, அங்க இருந்தவரைக்கும் நான் தொட்டதில்ல. குடிகாரன்னு பேரு வாங்குனப்புறம், சரி, பேரு எதுக்கு வீணாப்போகணும்னு மூணு மாசம் குடிச்சேன். நல்லாக் குடிச்சேன். அந்த மூணு மாசத்துலதான் கை நின்னுபோச்சு."

"சுத்தமா நின்னுருச்சா?"

"நடுக்கம் நின்னுருச்சு. நுனி விரலு மட்டும் இன்னும் மரத்துத்தான் கெடக்கு. ஊசி குத்துனா வலிக்காது. பூவுல ரத்தம் தெரிஞ்சாத்தான் குத்திருச்சுன்னு தெரியும்." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்கு எந்தக் கை?"

பத்ரிநாத் வலது கையை நீட்டினார். பேயாண்டி அதைப் பார்த்துவிட்டுத் தன் ஊசிக்குத் திரும்பினான். "சன்னல இன்னும் தொறக்கலையா அந்தாளு?" என்று மட்டும் கேட்டான்.

அன்று மாலையே பிருந்தாவை அழைத்துக்கொண்டு நரம்பு மருத்துவரிடம் போனார். மருத்துவர் இளம்பெண். சுருள் வரையச் சொன்னார், நடக்கச் சொன்னார், விரலில் பஞ்சை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். வீட்டில் பெயின்ட், தின்னர் ஏதாவது அடிக்கிறீர்களா என்று கேட்டார். இன்னும் விமானம் அந்தக் கட்டத்துக்கே வரவில்லை என்றார் பத்ரிநாத். மாத்திரை டப்பாவை மேசையில் வைத்து, லேபின் மோனோமரையும் ஒட்டிய சன்னலையும் பற்றிச் சொன்னார். மருத்துவர் ஏழு குழிகளையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

"அப்பாவுக்குச் சும்மா உக்காந்திருக்கும்போது நடுங்குச்சா, வேலை செய்யும்போதா?"

"சும்மா இருக்கும்போது. மடியில."

"உங்களுக்கு வேலை செய்யும்போது. அது ஒரு நல்ல வித்தியாசம். ஆனா அத வச்சே அவர் நோய் இல்லன்னு இன்னிக்கு நான் சொல்லமாட்டேன். அந்த லிக்விட் விரல மரக்க வைக்கும், தலைவலி கொடுக்கும். நடுக்கத்துக்கும் அதுதான் காரணம்னு எழுதித் தர என்கிட்ட இப்ப ஆதாரம் இல்ல. ரெண்டு வாரம் அந்த அறைக்குப் போகாம இருங்க. தினமும் இதே மாதிரி கீறிப் பாருங்க. அப்புறம் வாங்க."

இரண்டு வாரம். தெரிந்துவிடும். அப்பாவா, அறையா. பேருந்தில் வரும்போது பிருந்தா அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் அதைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். மடியில் கிடக்கும் கை அவருக்கு ஆகாது.

திங்கள்கிழமை லேபுக்குள் நுழைந்ததும் நெடி முகத்தில் அறைந்தது. இத்தனை நாளாக அறைந்துகொண்டுதான் இருந்திருக்கும், இன்றுதான் மூக்குக்குத் தெரிந்தது. தங்கப்பொண்ணு மாவு பிசைந்துகொண்டிருந்தாள், பேயாண்டியின் இடத்தில், வெறுங்கையால். உலோகம் வார்க்கும் அருள்பாண்டி மூலையில் இருந்தான். கார்த்திகேஷ் போனில் யாரிடமோ டெலிவரி தேதி சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் பத்ரிநாத் சொல்ல வேண்டியதைச் சொன்னார். டப்பா, பேயாண்டி, மருத்துவர், சன்னல், எல்லாம்.

கார்த்திகேஷ் கோபப்படவில்லை, சிரித்தார். அவர் பத்ரிநாத்தைவிடப் பதினைந்து வயது இளையவர், ஒரே சமூகம், தூரத்து உறவும்கூட. "அண்ணே, உங்க அப்பாவுக்கே நடுக்கம்தான? எங்க பெரியப்பா சொல்லுவாரு, பாவம், சோத்த மேல கீழ சிந்திட்டு உக்காந்திருப்பாருன்னு. பரம்பரையில வந்தத என் ரூம் மேல போடுறீங்களே."

பத்ரிநாத் மாவு பிசையும் மேசைப் பக்கம் திரும்பினார். "தங்கப்பொண்ணு, கையக் கழுவிட்டு இங்க வா. நீட்டு."

அவள் தயங்கினாள். முதலாளியைப் பார்த்தாள். பிறகு நீட்டினாள். ஒரு தாளை எடுத்து அவள் விரல்களின் மேல் வைத்தார் பத்ரிநாத். தாளின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது.

"அப்ப இவளுக்கும் எங்கப்பாதான் அப்பாவா?"

அருள்பாண்டி களுக்கென்று சிரித்துவிட்டான். "எங்க அய்யா காதுல விழுந்தா உங்க ரெண்டு பேரையும் வெட்டிப் போட்ருவாரு" என்றாள் தங்கப்பொண்ணு. சிரிக்கத்தான் பார்த்தாள், ஆனால் கண் அந்தத் தாளை விட்டு நகரவில்லை. அவளும் இத்தனை மாதம் யாரிடமும் சொல்லாமல்தான் இருந்திருக்கிறாள் என்று அவருக்கு விளங்கியது. அவளுக்கு வயது இருபத்தெட்டு.

கார்த்திகேஷ் அவரை வாசலுக்கு அழைத்துப்போனார். குரல் இறங்கியது.

"அண்ணே, உங்களுக்கு ரெண்டு வாரம்தான வேணும்? எடுத்துக்கங்க. சம்பளம் பிடிக்கமாட்டேன். வீட்ல உக்காந்து உங்க ஏரோப்ளேனச் செய்யுங்க. உடம்பு தேறி வாங்க. இம்புட்டுப் பேரு முன்னாடி இதப் பேசாதீங்க, அவ்வளவுதான்."

பத்ரிநாத் கணக்குப் போட்டார். இரண்டு வாரம், காசு பிடிக்காமல். மீதி டயல்கள். காலை ஆறிலிருந்து ஏழு வரை இல்லை, நாள் முழுக்க. பதினைந்தாவது நாள் விடை கையில் இருக்கும். அவர் கேட்க வந்ததே இதுதான்.

உள்ளிருந்து தங்கப்பொண்ணு கேட்டாள். காதில் விழுந்திருக்கிறது. "அண்ணே, எனக்கும் லீவு கேளுங்கண்ணே. எனக்குத் தினக்கூலி. அம்புட்டு நாளு போனா வேற ஆள வச்சுருவாரு. ஒரு வாரம்னாலும் கேளுங்க."

கார்த்திகேஷ் பத்ரிநாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், முடிந்துபோன பேச்சைப் பார்க்கிற மாதிரி. இரண்டு வருடத்துக்கு முன், "நீங்களே சொல்லுங்க" என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை.

"எனக்கு லீவு வேணாம் தம்பி" என்றார் பத்ரிநாத். "நான் போனா என் கை நிக்கும். என் எடத்துல இன்னொருத்தன் கை ஆடும். ஆள மாத்தி மாத்திப் பாத்தாச்சு. ரூம மாத்திப் பாப்போம்."

"என்ன சொல்றீங்க?"

"எங்க கைக்கு உறை வாங்கிக் கொடுங்க. காத்தாடிய மறுபடி மாட்டுங்க. ரெண்டு வாரம் நாங்க எல்லாரும் இங்கயே இருக்கோம். தினமும் எல்லாரு கையிலயும் தாளு வச்சுப் பாப்போம்."

"ஏ.சி. ஓடுற ரூம்ல..."

"ஓடட்டும்."

அவர் உள்ளே போய், பிளாஸ்டர் சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனார். இரண்டு வருட டேப் வெயிலில் காய்ந்து மரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. கத்தி முனை வழுக்கி வழுக்கி ஓடியது, கை அப்படி ஆடியது. பின்னால் கார்த்திகேஷ், தொட்டால் வேலை போய்விடும் என்று சத்தம் போட்டார். பத்ரிநாத் கத்தியை இன்னும் ஆழமாக அழுத்தினார். ஐம்பத்தொரு வயதில் வேறு லேபில் யார் எடுப்பார்கள்? ஒருவேளை இது அப்பாவின் நோயாகவே இருந்துவிட்டால், சன்னலைத் திறந்தும் கை நிற்காவிட்டால், இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

தங்கப்பொண்ணு வந்து பக்கத்தில் நின்றாள். நகத்தால் டேப்பின் நுனியைக் கிளப்பி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நீளமாக உரிந்து வந்தது. அருள்பாண்டி தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டினான். மூன்றாவது தட்டில் சன்னல் திறந்து, சந்தின் புழுதியும் ஆட்டோ சத்தமும் பரோட்டாக் கடைப் புகையும் ஒன்றாக உள்ளே வந்தன. மேசையிலிருந்த பல் அச்சுகளின் மேல் வெள்ளைத் தூள் பறந்தது.

கார்த்திகேஷ் போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். யாருக்குப் பேசுகிறார் என்று தெரியவில்லை. மூவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். படிக்கட்டில் அவர் திரும்பி ஏறும் செருப்புச் சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டு, பத்ரிநாத் இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, அதன் கீழே மூன்று பெயர்களையும் எழுதினார். நாலாவதாகக் கொஞ்சம் யோசித்து, கார்த்திகேஷ் என்றும் எழுதினார். அந்த ஆளும் இதே காற்றைத்தானே மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறார்.